உள்ளே போனது நாலு பேர்

மஞ்சள் பைக்குள் கழற்றிப் போட்ட கவச உடுப்புகள் ஐந்து கிடந்தன. உள்ளே போனவர்கள் நான்கு பேர்.

சுயம்பு நீளக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து மூன்றாவது முறையும் எண்ணினார். எண்ணுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. பாறசாலை பக்கத்தில் இருந்த அந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பந்தி முடிந்ததும் எச்சில் இலைகளை எண்ணிச் சொல்வது அவருடைய வேலை. ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு என்று அவர் சொல்லிவிட்டால் சமையல்காரரும் பெண்ணின் அப்பாவும் மறுபேச்சில்லாமல் தலையாட்டுவார்கள். நாய் இழுத்துக்கொண்டு போன இலையும் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு.

"எண்ணம் தப்பாது சிஸ்டரே. அஞ்சு உண்டு. அதுல ரெண்டுல உங்களுக்க பேராக்கும்."

லேகா கை கழுவும் தொட்டியில் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றாள். ஆறு மணி நேரம் அந்த வெள்ளை உடுப்புக்குள் இருந்துவிட்டு வந்தவள். தண்ணீர் கிடையாது, மூத்திரம் கிடையாது, மூக்கு அரித்தால் சொறியக் கூடாது. பிளாஸ்டிக் பொதிக்குள் அவித்தெடுத்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிடுவார்கள். அந்த மண்டபத்து நர்சுகளின் ஒரு நாள் வேர்வையைச் சேர்த்து வைத்திருந்தால் நெய்யாறு அணையில் இரண்டு ஷட்டராவது திறக்க வேண்டி வந்திருக்கும்.

சுயம்பு கம்பியில் இரண்டு உடுப்புகளையும் தூக்கிக் காட்டினார். இரண்டின் முதுகிலும் கறுப்பு மார்க்கரில் லேகா. ஒன்றிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று காய்ந்திருந்தது, இஸ்திரிக்காரரிடமிருந்து இப்போதுதான் வந்ததுபோல.

"எக்கா, உள்ள ஒண்ணும் வெளிய ஒண்ணும் ரெண்டு போட்டியா? குளிருதோ?" என்று கூட வேலை செய்கிற நர்சு ரெஷ்மா சிரித்தாள். ரெஷ்மா சிரித்தால் களியக்காவிளையில் இருப்பவர்கள் பஸ் வருகிறதென்று எழுந்து நிற்பார்கள். லேகாவும் சிரித்தாள். சிரிக்கும்போது மூக்குத்தண்டில் மாஸ்க் கம்பி அறுத்த புண் விரிந்து வலித்தது.

அவர்கள் சிரித்ததற்கும் காரணம் இருந்தது. அந்தப் பெயரை வைத்து அங்கே ஒரு விளையாட்டு நடந்திருந்தது. அதை விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாம் அலையின் மே மாதம் அது. ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்ததால் மண்டபத்தில் நாற்பது கட்டில் போட்டிருந்தார்கள். மணமேடையில் தெர்மோகோல் மயில்கள் அப்படியே நின்றன. அவற்றின் அடியில் ஆக்சிஜன் இயந்திரங்கள் உலையில் அரிசி கொதிப்பதுபோல் நாள் முழுக்கக் கொப்பளித்துக்கொண்டிருந்தன. எத்தனை பிளீச்சிங் பவுடர் தெளித்தாலும் சுவரிலிருந்து பழைய சாம்பாரும் வாடிய பிச்சிப்பூவும் மணத்தன. மணப்பெண்ணை அலங்கரிக்கிற அறைதான் உடுப்பு மாட்டும் அறை. தரையிலிருந்து கூரைவரை மூன்று பக்கமும் கண்ணாடி. அதன் முன்னால் நின்று ஒருத்தி முதுகில் இன்னொருத்தி பெயர் எழுதுவாள். எழுதாவிட்டால் உள்ளே யார் யாரென்று தெரியாது. உடுப்பும் மாஸ்க்கும் ஃபேஸ் ஷீல்டும் போட்டுவிட்டால் எல்லோரும் நின்று நடக்கிற பஞ்சு மெத்தைகள்தான்.

பதினேழாம் நம்பர் கட்டிலில் செல்லசாமி இருந்தார். காரோடு ஊர்க்காரர், முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். ஓணத்துக்கு முந்தின நாள் பஸ்ஸில் நூற்றிருபது பேர் தொங்கிக்கொண்டு போனாலும், பின்வாசலில் நின்று ஒரே பார்வை பார்த்து, டிக்கெட் எடுக்காதவனைச் சட்டைக் காலரோடு பிடித்துவிடுவாராம். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறினால் மனதுக்குள் ஒன்றரை என்று குறித்துக்கொள்வாராம். இதெல்லாம் அவரே சொன்னது. ஆக்சிஜன் எண்பத்தைந்தில் கிடக்கும்போதும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் வாசலைப் பார்த்து எண்ணுவார்.

"ஏறினது நாலு. சரிதானே மக்களே?"

"சரிதான் மாமா. வண்டிய எடுக்கலாம்," என்பாள் லேகா.

அவருக்கு லேகாவைத் தவிர யாரும் ஆகவில்லை. அவள் ஊட்டினால் கஞ்சி இறங்கும், அவள் மாட்டினால் மாஸ்க் முகத்தில் நிற்கும். ஒருநாள் அவளுக்கு ஓய்வு. அன்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "லேகா வரட்டும்," என்று மல்லுக்கு நின்றார். முகம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. ரெஷ்மா வெளியே ஓடி, வேறொரு உடுப்பை மாட்டி, நெஞ்சிலும் முதுகிலும் லேகா என்று எழுதிக்கொண்டு திரும்பி வந்தாள். மனுஷன் குழந்தை மாதிரி அடங்கிவிட்டார். அன்றிலிருந்து பதினேழாம் கட்டிலுக்கு எந்த ஷிப்டில் யார் போனாலும் லேகாவாகவே போனார்கள். சில நாள் இரண்டு லேகா, ஒருநாள் மூன்று.

"இவளுவ எல்லாம் நீயானா நீ யாருக்கா?" என்று ரெஷ்மா அப்போது ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள். இருபது நாளாக வீட்டுக்குப் போகாத லேகா சொன்னாள், "இன்னும் ஒண்ணு எழுதுட்டி. ஒருத்தி இங்க நிக்கட்டும், ஒருத்தி வீட்டுக்குப் போகட்டும்." மூன்று கண்ணாடிகளிலும் இருந்த லேகாக்கள் சிரித்தார்கள். ஒருத்தி கொஞ்சம் பிந்திச் சிரித்த மாதிரி இருந்தது. களைப்பில் அப்படியெல்லாம் தோன்றும்.

ஆனால் செல்லசாமி போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். அதன்பிறகு லேகாவின் முதுகில் தவிர வேறு யார் முதுகிலும் அந்தப் பெயரை எழுதவில்லை. இன்று திங்கள்.

*

குன்னத்துகால் வீட்டில் கணவன் ஜெயனும் மகள் மாளுவும் இருந்தார்கள். வியாழக்கிழமை மாளுவுக்கு ஆறு வயது முடிகிறது. வந்துவிடுவேன் என்று லேகா சத்தியம் செய்திருந்தாள். வீடியோவில் பிள்ளை போனையே முகர்ந்து பார்க்கும். "அம்மைக்க மணம் வரல்ல," என்று அழும்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கும் மாளுதான் கூப்பிட்டாள். யானை வரைந்திருக்கிறாளாம், இப்போதே பார்க்க வேண்டுமாம். லேகா ஷிப்டு முடியும் முன்பே யாரிடமும் சொல்லாமல் உடுப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கச் செம்பருத்தி வேலி ஓரம் நின்று யானையைப் பார்த்தாள். யானைக்கு ஆறு கால். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் செல்லசாமி போய்விட்டார்.

பக்கத்துக் கட்டில் ரெத்தினதாஸ்தான் அவளிடம் சொன்னார். "நீங்க கையைப் பிடிச்சிட்டு நின்னது நல்லதா போச்சு சிஸ்டர். சமாதானமா போனாரு. நாலு மணிக்கு முன்னதான் கடைசியா ஒருக்கா எண்ணினாரு கேட்டியளா. நாலு ஏறிச்சு, அஞ்சு நிக்குது, ஒண்ணுக்கு டிக்கெட் இல்லன்னாரு."

லேகா ரெஷ்மாவிடம் கேட்டாள், "அந்த நேரம் அவருக்கப் பக்கத்துல நின்னது நீயா?"

"நான் அந்தக் கோடியிலல்லா ஊசி போட்டுட்டு நின்னேன். நீதானக்கா நின்ன. முதுகுல பேர் பாத்தேனே."

நான் வெளியே போனில் யானை பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பாராட்டையும் வாங்கிக்கொண்டாள்.

திங்கள் சாயங்காலம், காய்ந்த உடுப்பைப் பார்த்துவிட்டு நர்சுகள் தங்கியிருந்த லாட்ஜ் அறைக்கு வந்த பிறகு, சுகாதார ஊழியர்களுக்கு ஆறுதல் சொல்வதற்கென்று நியமித்திருந்த ஸ்வப்னா கூப்பிட்டாள். அவள் குரல் வெந்நீரில் நனைத்த துணி மாதிரி. அவளுக்கு ஒரு நாளைக்கு எழுபது நர்சுகளிடம் பேச வேண்டும். அதனால் கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில் வரும்.

"உறக்கம் உண்டோ சிஸ்டரே?"

"உண்டு."

"ஆகாரம்?"

"உண்டு."

"வேற எந்தெங்கிலும் பிரச்சினை?"

லேகா முகத்தைத் தடவினாள். "மாஸ்க் போடாதப்பவும் போட்டிருக்கது மாதிரி தோணுது. கழற்றப் போனா ஒண்ணும் இல்ல."

"அது எல்லாவர்க்கும் உண்டு," என்று ஸ்வப்னா சந்தோஷமாகச் சொன்னாள், விடை தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாணவிபோல. "தீர்ச்சயாயும் மாறும், சரியாகும். வேற ஒண்ணும் இல்லல்லோ?"

ஐந்தாவது உடுப்பைப் பற்றிச் சொல்ல லேகா வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும்? மாத்திரை தருவார்கள். ஃபைலில் எழுதுவார்கள். வியாழக்கிழமை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மதியம் ஒரு மணிக்கே மண்டபத்துக்குள் விளக்கு வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் இயந்திரங்களின் கொப்பளிப்பு அமுங்கிப்போய், நாற்பது பேரும் தண்ணீருக்கடியில் படுத்து மூச்சுவிடுவதுபோல் இருந்தது.

லேகா முதல் கட்டிலுக்குப் போனாள். டிரிப் பாட்டில் மாற்றியிருந்தது. இரண்டாவது கட்டிலில் ஆக்சிஜன் அளவு பார்த்து எழுதியிருந்தது, அவளுடைய கையெழுத்தில். ஏழில் படுத்திருந்தவர், "இப்பந்தான தண்ணி தந்திய, மறுபடியுமா?" என்றார். பதினொன்றில் இருந்தவர் அவளுடைய கையைப் பிடித்து, "உனக்கக் கை எப்பவும் தணுப்பா இருக்கே மோளே, அது ஒரு சொகம்," என்றார். லேகாவின் கை உறைக்குள் வெந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து எண்ணினாள். மணமேடை ஓரத்தில் ரெஷ்மா. வாசலருகே ஒருவர். மருந்து மேசையில் ஒருவர். தன்னோடு நான்கு.

கடைசி வரிசையில், செல்லசாமியின் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு வெள்ளை.

முதுகில் பெயர் இருந்தது.

லேகா ஓடவில்லை, கத்தவுமில்லை. ஆறு மணி நேர உடுப்புக்குள் ஓட முடியாது. கத்தினால் மாஸ்க்குக்குள்ளேயே சுற்றி வரும். அவள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். அந்த வெள்ளை ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்தது, தலையணையைச் சரிசெய்தது, போர்வையை இழுத்துவிட்டது. எல்லாம் அவள் செய்கிற விதம். போர்வையை இழுத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவது அவள் மாளுவிடம் பழகியது. அதுவும் தட்டியது. இரண்டு தட்டு.

ஒருமுறை திரும்பியது. தூரம். ஆனாலும் ஒன்றை லேகா பார்த்தாள். உள்ளே வேலை செய்கிற எவளுடைய ஃபேஸ் ஷீல்டும் பத்து நிமிஷத்தில் மூச்சு பட்டு மங்கிவிடும். மீதி நேரம் முழுக்க மூடுபனிக்குள் ஊசி தேடுகிற வேலைதான். அந்த ஷீல்டு கழுவித் துடைத்த தம்ளர் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு துளி ஆவி இல்லை.

வெட்கக்கேடு அதற்குப் பிறகு நடந்ததுதான். எல்லா வேலையும் முடிந்திருந்தது. அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மணமேடை மறைவில் சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலி கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். இருபத்தாறு நாளில் முதல்முறையாக ஷிப்டு நேரத்தில் உட்கார்ந்தாள். மூன்று உலகத்தையும் ஆண்ட மகாராணிக்குக்கூட ஒரு நாற்காலி அத்தனை சுகம் தந்திருக்காது. கண் மூடியது. செய்யட்டும், என்று நினைத்தாள். யாராக இருந்தால் என்ன, செய்யட்டும்.

புதனும் அப்படியே போனது. சுயம்பு இரண்டு நாளும் ஐந்து எண்ணினார். இரண்டு நாளும் ரெஷ்மாவின் சிரிப்பு வரவில்லை. அவளும் கொஞ்ச நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தாள். யார் யாரைக் கவனிப்பது?

*

வியாழன் காலை டாக்டர் கூப்பிட்டார். லேகாவுக்கு மாற்றாக வர வேண்டிய நர்சுக்கும் பாசிட்டிவ். "ஒரு பத்து நாள்கூட சமாளிக்கணும் லேகா. வேற வழி இல்ல. உன்னைப் போல ஒரு பத்து பேர் இருந்தா எனக்குக் கவலையே இல்ல."

"சார், இன்னிக்கு எனக்க பிள்ளைக்க..."

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்மா." போனை வைத்துவிட்டார். அவர் குரலும் அழுதுவிடும்போல்தான் இருந்தது.

மதியம் அவள் உடுப்பு மாட்டினாள். முதுகில் எழுத ரெஷ்மா மார்க்கரைத் தேடினாள், கிடைக்கவில்லை. "போட்டும், உன்னை யாருக்குத் தெரியாது?" என்று சொல்லிவிட்டு ரெஷ்மா முன்னால் நடந்தாள். லேகா பெயரில்லாமல் உள்ளே போனாள்.

வார்டில் எல்லா வேலையும் முடிந்திருந்தது. அந்த வெள்ளையை மட்டும் காணவில்லை. எங்கேயாவது குனிந்துகொண்டிருக்கும் என்று லேகா நினைத்தாள், நாற்பது கட்டில் இருக்கிறதே. மாப்பிள்ளை நாற்காலியில் மூன்று மணிவரை உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். ஒருத்தி இங்கே நிற்கட்டும். ஒருத்தி வீட்டுக்குப் போகட்டும். யாருக்கும் குறை வராது. யாருக்கும் தெரியாது.

பின்வாசலில் கழற்றினாள். கையுறை, ஷீல்டு, உடுப்பு, காலுறை, ஒவ்வொன்றாக மஞ்சள் பைக்குள் போட்டாள். நன்றாக ஞாபகம் இருந்தது. சோப்பு போட்டுக் கழுவினாள். செம்பருத்தி வேலியைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள்.

ஊரடங்கு. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. எட்டு கிலோமீட்டர். நடந்தாள். மழை சாட்டையாக அடித்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் நனையாமல் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையில் மழை படபடத்தது. பால் மணமும் புளித்த மணமும். வேடிக்கை என்னவென்றால் அவளுக்கு உடம்பு நனைகிற மாதிரியே இல்லை. சத்தம் மட்டும் கேட்டது, காதுக்கு மேல் ஏதோ மூடியிருப்பதுபோல. மாஸ்க்கின் கம்பி மூக்கில் அழுத்தியது. அது எல்லோருக்கும் உண்டு. தீர்ச்சயாயும் மாறும்.

சந்திப்பில் போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. பாஸ் கேட்டால் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மற்ற நாளில் செத்த பிணத்திடமும் பாஸ் கேட்கிற ஆட்கள். அவளைக் கண்டதும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒன்றும் கேட்காமல் பத்தடி பின்னால் போய், தடுப்பை விலக்கிவிட்டார்கள். ஒருவர் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தார்.

வீடுகளின் ஜன்னல்கள் அவள் வருமுன்னே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

போன் அடித்தது. சுயம்பு.

"சிஸ்டரே, எங்க நிக்கிய? இன்னிக்கு உள்ள போனது நாலு. பையில மூணுதான் கிடக்கு."

"நான் கழற்றினேன் சுயம்பண்ணா. நானே பையில போட்டேன்."

"ஹலோ? சிஸ்டரே? மூச்சுகூட கேக்கல்லியே. ஹலோ?"

"கழற்றினேன்!"

"ரேஞ்சு இல்ல போல," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார்.

அவள் ஜெயனைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் பாட்டுச் சத்தம். மாளு கலகலவென்று சிரித்தாள். யாரோ கிச்சுகிச்சு மூட்டினால் மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

"நானாக்கும்," என்றாள் லேகா. "வந்துட்டு இருக்கேன்."

"ஹலோ? ஆரு?"

"நானாக்கும்! லேகா!"

"ஒண்ணும் கேக்கல்ல. எடீ, யாரோ விளிக்காங்க, சத்தமே இல்ல, உனக்க டூட்டிக்காரங்களா இருக்குமோ?" என்று ஜெயன் போனை விலக்கி யாரிடமோ கேட்டான்.

ஒரு பெண் சிரித்தாள். "வையுங்க. நான் இல்லன்னு சொல்லுங்க."

அந்தக் குரலை லேகாவுக்குத் தெரியும்.

நடந்தாள். நடந்தாள் என்றா சொல்வது? கால் ஊன்றுகிற உணர்வே இல்லை. பிளாஸ்டிக் உரசுகிற சத்தம். சர். சர். சர். மழைதான், என்று சொல்லிக்கொண்டாள். ரப்பர் மரத்துப் பாவாடைதான்.

வீடு.

முற்றத்தில் பலூன் கட்டியிருந்தது. மழையில் இரண்டு வெடித்துத் தொங்கின. மணி ஐந்தரைதான், ஆனாலும் இருட்டிக் கிடந்தது. முன்னறை விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. கேக் மணம். அவளுக்கு மணம் தெரியவில்லை, மணம் இருக்கும் என்று தெரிந்தது.

ஜன்னலுக்குப் போனாள்.

மாளு புதுப்பாவாடையில் யாருடைய மடியிலோ உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி. வெள்ளை உடுப்பு, அவிழ்த்து இடுப்புவரை இறக்கியது. தொங்கிய முதுகுத் துணியில் கறுப்பு எழுத்து. மாளு அந்தக் கழுத்தில் முகம் புதைத்து இழுத்து இழுத்து முகர்ந்தாள். "அம்மைக்க மணம்," என்றாள்.

லேகா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. முகம் வெளுத்தது. வீறிட்டது.

"அப்பா! பூச்சாண்டி! ஜன்னல்ல பூச்சாண்டி!"

ஜெயன் ஓடிவந்தான். பார்த்தான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். மரியாதையாகத்தான் பேசினான்.

"சிஸ்டர், நீங்க ஆஸ்பத்திரில இருந்தா? அவளக் கூட்டிட்டுப் போகவா வந்திய?"

"எனக்கு... ஜெயன், நான்..."

"நீங்க பேசுதது ஒண்ணும் கேக்கல்ல. இஞ்ச பாருங்க, இருபத்தெட்டு நாளு கழிச்சு இன்னிக்குத்தான் வந்திருக்கா. மதியம் வந்து கேறினா. பிள்ளைக்குப் பெறந்த நாளாக்கும். ஒரு நாளாவது விடுங்க. உங்களுக்கும் வீடு உண்டுதானே?"

அவன் கண் கலங்கியிருந்தது. அவளுக்காகக் கலங்கியிருந்தது. அவளிடமிருந்து அவளைக் காப்பாற்ற ஜன்னலை மறித்து நின்றான்.

"உங்களுக்க பேரு என்ன? நான் டாக்டர்கிட்ட விளிச்சுப் பேசுதேன்."

லேகா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.

வெள்ளை. கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை. மழைத்துளி அதில் ஒட்டாமல் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். கை உறைக்குள் விரல் இருக்கிற மாதிரி இல்லை. ஜிப் இறங்கவில்லை.

உள்ளே நாற்காலியில் இருந்தவள் மாளுவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். திரும்பினாள். மாளுவின் தலையைத் தோளில் சாய்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். முகத்தில் வேர்வை வழிந்தது. மூக்குத்தண்டில் கம்பி அறுத்த புண். நெற்றியில் ஷீல்டைத் தூக்கிவிட்டிருந்தாள். உள்பக்கம் முழுக்க மூச்சு படிந்து, ஆவி கட்டி, துளித்துளியாகச் சொட்டியது. பத்து ஆள் விட்டதுபோல அத்தனை மூச்சு. உயிருள்ள ஒருத்தியின் வெதுவெதுப்பான மூச்சு.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். பிறகு ஜெயனுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

லேகா கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, மாளுவின் பெயரைச் சொல்லி, தொண்டை கிழியக் கத்தினாள். மூடிய ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய உருவம் தெரிந்தது. வெள்ளை உடுப்பு. வெள்ளைத் தலைமூடி. அதற்கு முன்னால் ஃபேஸ் ஷீல்டு.

கத்திக்கொண்டே இருந்தாள்.

ஷீல்டு கழுவித் துடைத்த தம்ளர் மாதிரி தெளிவாக இருந்தது.